வேடியப்பனின் வேட்டி

"சாமி துணிய நடுவுல அவுக்கக் கூடாதும்மா. அமாவாசைக்கு வாங்க, அன்னைக்குத்தான் மாத்துவோம்" என்றார் பூசாரி. அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

தண்டராம்பட்டைத் தாண்டி, தார்ச்சாலையை விட்டு இறங்கி, மல்லாட்டைக் கொல்லைகளின் வரப்பில் கால் மணி நேரம் நடந்து அந்த வேப்பமரத்தடிக்குப் போயிருந்தோம். என் மார்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். இடுப்பில் வெள்ளை வேட்டி, மேலே சிவப்புத் துண்டு, எலுமிச்சம்பழ மாலை. எண்ணெய் வழிந்து கறுத்த உச்சி மட்டும் ஒரு கையகலம் வெளியே தெரிந்தது. துணிக்கு அடியில் செதுக்கியிருப்பதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். "சித்தி, நான் வேணா பேசிப் பாக்கட்டுமா?" என்றான் கூட வந்த அக்கா மகன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடுத்தியிருப்பவர் கல்லாக இருந்தாலும், நடுப்பகலில் நாலு பேர் முன்னால் துணியை உருவச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஆரணிக்காரி. அப்பா பட்டுத் தறி நெய்தவர். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் உடுத்தியிருப்பதைப் பார்க்கிற பழக்கம் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து வளர்ந்ததில் வந்தது. கரை எத்தனை விரல் அகலம், கோர்வை போட்டதா இல்லையா, கொசுவம் எந்தப் பக்கம் விழுகிறது என்று கண் தானாகப் போகும். கோயிலுக்குப் போனாலும் சிலையின் இடுப்பில்தான் நிற்கும். அக்கா திருமணமாகி வேங்கிக்காலுக்கு வந்த பிறகு, வருஷத்துக்கு ஒரு முறையாவது இங்கே வந்து பத்து நாள் தங்குவேன். இந்த முறை வந்ததற்குக் காரணம் நடுகற்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் வேடியப்பன் என்று கும்பிடப்படும் கற்களில் பலவும் பல்லவர் காலத்து நடுகற்களே.

வேங்கிக்கால் இப்போது முழுக்க நகரம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் என்பதால் வேலூர் சாலை காலை பத்து மணிக்கே மனுக்களோடு வருகிறவர்களால் நிறைந்துவிடும். ஏரிப்பக்கம் போனால்தான் கொஞ்சம் அமைதி. மாலையில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனால் அண்ணாமலை முழுசாகத் தெரியும். அந்த மாடியில்தான் ஒரு ராத்திரி, அக்கா மகனின் கணினியில் தாதார்லி படங்களை அவனுக்குக் காட்டினேன்.

துருக்கியின் மேற்குப் பகுதியில் தினார் என்ற ஊருக்குப் பக்கத்துச் சிற்றூர் தாதார்லி. அங்கே ஒரு மண்மேடு. 1969-இல் புதையல் தேடியவர்கள் அதைக் குடைந்தபோது, உள்ளே மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஓர் அறை இருந்தது. இறந்தவரை வைத்த அறை. அதன் உத்திரங்களில் ஓவியம் இருந்ததைக் கண்டு, ரம்பம் வைத்து அறுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு அஃப்யோன் அருங்காட்சியகத்தார் வந்து மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். அறுபட்ட துண்டுகளில் சில ஜெர்மனியின் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் இருந்தன. லாதிஃபே சுமரர் என்ற தொல்லியல் அறிஞர் அவை இந்த மேட்டிலிருந்து போனவைதான் என்று அடையாளம் காட்ட, 2010-இல் அவை துருக்கிக்குத் திரும்பின. மர வளையங்களைக் கொண்டு கணித்த காலம் கி.மு. 478-ஐ ஒட்டியது. அன்றைக்கு அந்த நிலம் பாரசீகப் பேரரசின் கையில் இருந்தது.

ஓர் உத்திரத்தில் போர். நடுவில் நிற்கும் பாரசீகத் தலைவன் எதிரியின் தாடியைப் பிடித்து இழுத்துக் குத்துகிறான். எதிரிகள் கூர்க் குல்லாயும் காற்சட்டையும் போட்ட புல்வெளிக் குதிரை வீரர்கள். தலைவன் மேல் இருப்பதோ கணுக்கால் வரை விழும் அகலக்கை அங்கி. பாரசீகர்களிடம் இரண்டு விதமான உடை உண்டு. ஒன்று, இந்த மடிப்பு மடிப்பான அரசவை அங்கி. மற்றது குதிரை ஏறுவதற்கு: இறுக்கமான கைச்சட்டை, காற்சட்டை, காது மூடிய மெத்தென்ற குல்லாய், தோளில் போர்த்திக் கை நுழைக்காமல் தொங்கவிட்ட மேலங்கி. சண்டைக்கு வசதி இரண்டாவதுதான். ஓவியன் ஏன் தலைவனுக்கு முதலாவதைப் போட்டான்? அந்த அங்கியோடு பத்தடி ஓடினாலே கால் தடுக்கும். போர்க்களத்தில் அவன் நிஜமாக எதை உடுத்தினான் என்பதைவிட, அவன் அரசவையில் எந்த இடத்தில் நின்றவன் என்பதுதான் ஓவியனுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. அதே துருக்கியின் தெற்கில், எல்மலிக்குப் பக்கத்தில், கராபுருன் மேட்டிலும் இதே காலத்து ஓவியக் கல்லறை ஒன்று உண்டு. 1970-களில் மாக்டெல்ட் மெல்லிங்க் என்ற பெண் அறிஞர் ஆராய்ந்தது. அங்கே உள்ளூர்ப் பிரபு ஒருவர் விருந்துக் கட்டிலில் சாய்ந்திருக்க, பணியாட்கள் விசிறியோடு நிற்கிறார்கள். ஆளும் பேரரசின் நடையுடையை உள்ளூர்க்காரர்கள் எவ்வளவு ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அந்தச் சுவர் சாட்சி.

"நம்ம ஆளுங்க அப்ப என்ன கட்டிருந்தாங்க சித்தி?" என்று கேட்டான் அவன். இதற்குப் பாரசீகர்களே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பெர்சபொலிஸ் அரண்மனைப் படிக்கட்டில் 23 நாட்டுத் தூதுக் குழுக்கள் காணிக்கை கொண்டுவருவதைச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் சிந்துப் பக்கத்து இந்தியக் குழு ஒன்று உண்டு. காவடி போலத் தோளில் தண்டு, அதில் தொங்கும் கூடைகள், வெறுங்கால், திறந்த மார்பு, இடுப்பில் தைக்காத துணி. சட்டையும் காற்சட்டையுமாகப் போகிற அந்த நீண்ட ஊர்வலத்தில் இவர்கள் வந்ததும் நம் வீட்டு ஆள் வந்த மாதிரி இருக்கும் எனக்கு. கி.மு. 480-இல் கிரேக்கத்தின் மீது படையெடுத்த செர்க்சஸின் சேனையில் இந்தியர்கள் மரத்தில் விளையும் கம்பளியால் ஆன உடை உடுத்தி வந்தார்கள் என்று ஹெரடோட்டஸ் எழுதினார். பருத்திக்குப் பழகாதவருக்கு அதை வேறு எப்படிச் சொல்ல வரும்! தாதார்லி மேட்டின் மரங்கள் வெட்டப்பட்ட அதே ஒன்றிரண்டு வருஷங்களில், எங்கள் தொழிலின் பருத்தித் துணி ஏஜியன் கடற்கரை வரை நடந்திருக்கிறது.

ஆனால் அது வடமேற்கு. தமிழ் மண்ணில் ஓவியம் தீட்டிய ஈமக் கல்லறை உண்டா? உண்டு. ஒன்பது நாளைச் சும்மா கழிக்க மனமில்லாமல், மறுநாளே கிருஷ்ணகிரிக்குப் பேருந்து ஏறினோம்.

செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சாலையில் சாமல்பள்ளம், அங்கிருந்து மல்லசந்திரம். அந்தக் குன்றின் மேல், பாறைத் தளத்தின் மீதே, பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. முன்பலகையில் வட்டமாக ஒரு துளை, இடுதுளை என்பார்கள். மண்ணுக்குள் புதைந்தவை அல்ல என்பதால் வீடுகள் மாதிரியே இருக்கும். ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று சொல்வது அதனால்தான். சில திட்டைகளின் உட்பலகையில் வெள்ளைச் சாந்தால் வரைந்த ஓவியம் இருக்கிறது.

குனிந்து உள்ளே பார்த்தேன். விலங்கின் மேல் ஏறிய மனிதர்கள், கை உயர்த்திய மனிதர்கள். விரலால் இழுத்த மாதிரி கோடுகள். உடம்பு ஒரு கோடு, கை ஒரு கோடு. ஆடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏமாற்றமாக இருந்ததா என்றால், முதலில் இருந்தது. வெயில் ஏறிய பிறகு அதே திட்டையின் நிழலில் உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்தேன். அந்தக் கோட்டு மனிதன் எவ்வளவு வேகமாகப் போகிறான் என்று சொல்ல வரைந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன உடுத்தியிருந்தான் என்று சொல்ல வேண்டிய தேவை அவனுக்கு வரவில்லை, அவ்வளவுதான். உடை என்பது தெரியாதவர்களிடம் நம்மை யாரென்று சொல்வதற்கு. இறந்தவனை அறிந்த சொந்தக்காரர்கள் மட்டுமே வந்து போகும் இடத்தில் அதற்கு என்ன வேலை?

இரண்டு நாள் கழித்து மோட்டூர். இது எங்கள் பக்கம், தண்டராம்பட்டுக்கு அருகில். கல்வட்டத்தைச் சேர்ந்த ஒரு பெரும் பலகைக் கல், மேலே வளைந்த தலையும் இரு புறமும் விரிந்த தோளுமாக மனித உருவில் வெட்டப்பட்டு நிற்கிறது. தாய்த் தெய்வம் என்று சொல்கிறார்கள். கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. உடையும் இல்லை, அணியும் இல்லை. பெருங்கற்கால மக்கள் இறந்தவர் நடுவே நிறுத்திய உருவம். அதன் எதிரே நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது: நம் நாட்டில் ஈமக்கல்லுக்கு மனித உருவம் முதலில் வந்திருக்கிறது. பேர் பிறகு வந்தது. உடை அதற்கும் பிறகு.

பேர் வந்ததைச் சங்கப் பாட்டுகள் சொல்கின்றன. கல்லில் பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி, துணிப் பந்தல் இட்டு, கள் படைத்தார்கள். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வரிசையாகவே வைத்திருக்கிறது. செங்கம் போகிற வழியில் எனக்கு மலைபடுகடாம்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. செங்கண்மாத்து நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற 583 அடிப் பாட்டு அது. செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டின் நவிரமலை இன்றைய பருவதமலை. சேயாறு இன்றும் அதே பெயரில் ஓடுகிறது. வழியில் புலி இருக்கும், பாசிப் பாறை வழுக்கும் என்றெல்லாம் எச்சரிக்கிற பெருங்கௌசிகனார், கவர்த்த வழிகளில் நடுகற்கள் எண்ண முடியாத அளவு நிற்கும், அவற்றுக்கு யாழ் வாசித்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டு ஒட்டிய ஒரு வழிகாட்டி நூலில் இருக்கிற அடையாளக் குறிப்பு, இன்றைக்கும் அந்தச் சாலைக்குப் பொருந்துகிறது.

உடை வந்தது பல்லவர் காலத்தில். 1972-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது. ஆறாம் நூற்றாண்டு தொடங்கி நிற்கும் இந்தக் கற்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று வட்டெழுத்தில் பொறித்து, கீழே இறந்தவனின் உருவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். துணியைப் பற்றி யோசிக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. உடையும் உண்டு, பக்கத்திலேயே ஆண்டும் உண்டு. சங்க காலத்து முல்லைப்பாட்டு, பாசறையில் காவல் நிற்கும் யவனரின் சட்டையை 'மெய்ப்பை' என்கிறது. உடம்பைப் போட்டு வைக்கும் பை. சொல்லிலேயே எவ்வளவு வியப்பு! தைத்த துணி அயலாருடையது என்பது கேட்பவருக்கு உடனே புரிந்திருக்கும். செங்கம் கற்களில் மெய்ப்பை இல்லை.

அந்தக் கற்களின் உடைக்குப் போகும் முன் எடத்தனூர் நடுகல்லைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நான் உடையை மறந்துவிட்டேன். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எருமைகளுக்காக நடந்த சண்டையில் கருந்தேவகத்தி என்ற வீரன் பட்டான். அவனுக்கு எடுத்த கல்லில் அவன் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன், அது கள்ளனைக் கடித்துக் காத்தது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். மண்டகப்பட்டைக் குடைந்த காலத்தின் ஆவணம் ஒன்றில் ஒரு நாய்க்கு இடம் இருந்திருக்கிறது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். "கடிச்சுச்சுன்னு எழுதிட்டு, அப்புறம் அது பொழச்சுதா செத்துச்சான்னு எழுதலியே" என்று அக்கா மகன் வருத்தப்பட்டான்.

அமாவாசையன்று விடியற்காலை நாலரைக்கு வேங்கிக்காலிலிருந்து கிளம்பினோம். முந்தின நாள் சாயங்காலமே ஒரு நாலு முழ வேட்டி வாங்கி வைத்திருந்தேன், பருத்தி, ஒற்றை விரல் சிவப்புக் கரை. அக்கா அதில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். ஊரைத் தாண்டியதும் குளிர். தண்டராம்பட்டில் டீக்கடை அடுப்பு அப்போதுதான் பற்றவைத்திருந்தார்கள்.

வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு பக்கம் பொங்கல் பானை. மரத்தைச் சுற்றி மண் குதிரைகள், பழையதும் உடைந்ததும். பூசாரி என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா, கிட்ட வந்து நில்லுங்க, இப்பத்தான் பாக்க முடியும்" என்றார். மாலையை எடுத்தார், சிவப்புத் துண்டை எடுத்தார், வேட்டி முடிச்சை அவிழ்த்தார். ஒரு குடம் தண்ணீரை உச்சியிலிருந்து ஊற்றினார்.

காய்ந்த கல்லில் தெரியாதது ஈரக் கல்லில் தெரியும். தண்ணீர் வழிந்து இறங்க இறங்க, கறுப்புக்குள்ளிருந்து ஒரு ஆள் வெளியே வந்தான். முதலில் தலையின் ஒரு பக்கமாகச் சாய்ந்த கொண்டை. காதில் தொங்கும் குழை. இடது கையில் வில், வலது கையில் வாள். மார்பு வெறும் மார்பு. ஒரு கால் முன்னால் வைத்து, முழங்கால் மடிந்து, பாய்கிற நிலை. நான் குந்தி உட்கார்ந்தேன். இடுப்பில் துணி, தொடையின் பாதி வரைதான். காலோடு ஒட்டி இறுக்கிச் சுற்றியது. கொசுவம் முன்னால் தொங்கவில்லை. காலிடுக்கில் வாங்கிப் பின்னால் செருகிய தாறு பாய்ச்சல் கட்டு. அதன் மேல் இடுப்புக் கச்சை, இரண்டு சுற்று. முடிச்சு பக்கவாட்டில், அதன் இரண்டு நுனியும் காற்றில் பின்னோக்கிப் பறக்கின்றன. செதுக்கியவன் அந்த நுனிகளில்தான் தன் திறமை முழுவதையும் வைத்திருக்கிறான். முன்னோக்கிப் பாய்கிறவனின் துணி பின்னோக்கி எழும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கச்சையில் ஒரு குறுவாள் செருகியிருக்கிறது. காலடியில் ஒரு கிண்டியும் ஒரு சிமிழும், போகிற வழிக்கு வைத்துக் கொடுத்த மாதிரி.

நடவு வயலில் என் தாத்தா வேட்டியை இப்படித்தான் ஏற்றிக் கட்டுவார். கமலை ஓட்டுகிறவர்கள் கட்டியது இது, சண்டையில்லாத நாளில் இவனும் ஆடுமாடு ஓட்டக் கட்டியிருப்பான். தொறு என்கிற மாட்டு மந்தையை மீட்கத் திடீரென்று கிளம்பியபோது உடை மாற்ற நேரம் இருந்திருக்காது; இருந்த துணியை இன்னும் இறுக்கிக் கச்சையைச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறான். தாதார்லித் தலைவனுக்கு ஓவியன் அரசவை அங்கியைப் போட்டு அனுப்பினான். இவனைச் செதுக்கியவன், இவன் எந்தக் கோலத்தில் ஓடினானோ அதே கோலத்தில் நிறுத்திவிட்டான். வரப்பில் வருகிற போகிற எல்லோரும் பார்க்கிற இடத்தில் நிறுத்தியும் வைத்தான். மேட்டுக்குள் மூடவில்லை.

எழுத்து இருக்கிறதா என்று மேலே தேடினேன். எண்ணெயும் நூறாண்டுச் சுடர்க்கரியும் மூடி, நாலைந்து வட்டெழுத்துகளின் வளைவுகள் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டன. இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எண்ணெய் ஊற்றிக் கல்வெட்டைக் கெடுக்கிறார்கள் என்று. இனாமல் பெயின்ட் அடித்து மீசை வரைந்த கற்களைப் பார்க்கும்போது எனக்கும் நெஞ்சு வலிக்கும். ஆனாலும் கும்பிடாத கற்கள் என்ன ஆயின என்றும் பார்த்திருக்கிறேன். துணி துவைக்கும் கல்லாக, வாய்க்கால் மதகாகக் கிடக்கின்றன. இந்தக் கல்லை இத்தனை நூற்றாண்டும் நிற்க வைத்திருப்பது அந்த எண்ணெய்தான். பெயர் போய்விட்டது, ஆள் இருக்கிறான்.

பத்து நிமிஷம் கொடுத்தார்கள். பால், மஞ்சள் தண்ணீர், மறுபடி எண்ணெய். என் வேட்டியைப் பூசாரி வாங்கிப் பிரித்து, கரை கீழே வருகிற மாதிரி மடித்து, கல்லைச் சுற்றி வளைத்துக் கட்டினார். குறுவாள் மறைந்தது, பறக்கும் கச்சை மறைந்தது.

தீபாராதனை முடிந்த பிறகு, அவிழ்த்த பழைய வேட்டியை மடித்து என் கையில் வைத்தார். "சாமி துணி, வீட்ல வைங்க." எண்ணெய்ப் பிசுக்கோடு கனமாக இருந்தது. பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, வேங்கிக்கால் வரும்போது ஆட்சியர் அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

மாடிக்கு எடுத்துப்போய் அந்த வேட்டியைக் கொடியில் விரித்தேன். கல்வெட்டு எடுப்பவர்கள் ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி, மை தட்டி, மைப்படி எடுப்பார்கள். இந்த வேட்டி அந்த வேலையைத் தானே செய்திருந்தது. ஒரு மாதம் கல்லோடு கிடந்ததில், புடைத்த இடமெல்லாம் எண்ணெய்க் கரி கறுப்பாக ஏறியிருந்தது: மடிந்த முழங்கால், குறுவாளின் பிடி, கச்சையின் இரண்டு சுற்று, பக்கவாட்டு முடிச்சு, அதிலிருந்து பறக்கும் ஒரு நுனி. இன்னொரு நுனி துணியின் மடிப்பில் விழுந்து பதியாமல் போயிருந்தது. துவைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே அக்கா வாளியோடு மேலே ஏறி வந்தாள். விரித்ததைப் பார்த்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கொடியிலிருந்த மற்ற துணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி நகர்த்தினாள்.